குருத்தின் வேகமும் வேரின் சேமிப்பும்

பயிர்த் தொழில் செய்வோர் அனைவரும் வெயிலையும் குளிரையும் அறிந்தவரே. ஆயினும் ஒரு நாளைய வெப்பம் பயிரின் வளர்ச்சியை எவ்வளவு கூட்டியது அல்லது குறைத்தது என்று அன்றன்றே கண்ணால் கண்டு அளக்கக்கூடிய பயிர்கள் மிகச் சிலவே. நெல்லில் அதனைக் காண வாரங்கள் ஆகும். தென்னையில் ஆண்டுகள் ஆகும். அஸ்பராகஸ் என்னும் பயிரிலோ காலையில் ஒரு குச்சியை நட்டுக் குறித்துவிட்டு, மாலையில் சென்று பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். ஆகையால் வெப்பத்திற்கும் விளைவுக்கும் உள்ள உறவைக் கற்க விரும்பும் நம் அங்கத்தினர்களுக்கு இப்பயிர் ஒரு நல்ல பாடப் புத்தகமாகும்.

இது குளிர்ந்த நாடுகளின் பயிர். ஜெர்மனி, ஹாலந்து, பிரான்சு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் முதலிய இடங்களில் வசந்த காலத்துக் காய்கறிகளில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஜெர்மனியில் திறந்த வயலில் பயிராகும் காய்கறிகளுள் பரப்பளவில் முதலிடம் பெறுவது இதுவே. நமக்கும் இதன் குடும்பம் முற்றிலும் அந்நியமானதன்று. நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் தண்ணீர்விட்டான் கிழங்கு இதே இனத்தைச் சேர்ந்த கொடியாகும். அதன் கிழங்குக் கொத்தைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு இக்கட்டுரையில் வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

பயிரின் அமைப்பு

அஸ்பராகஸ் பல்லாண்டுப் பயிர். ஒரு முறை நட்டால் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பலன் தரும். மண்ணுக்குள் சுமார் ஒரு சாண் ஆழத்தில் அதன் தூர் இருக்கிறது. தூரின் மேற்புறத்தில் மொட்டுகள் வரிசையாக அமைந்துள்ளன. கீழ்ப்புறத்திலிருந்து விரல் பருமனுள்ள சதைப்பற்றான வேர்கள் நாற்புறமும் செல்கின்றன. இவ்வேர்களே பயிரின் களஞ்சியம்.

வசந்தத்தில் மொட்டுகள் விழித்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. இவையே குருத்துகள். இவற்றை இளமையிலேயே வெட்டி உண்கின்றனர். வெட்டாமல் விட்டால் குருத்து ஆள் உயரம் வளர்ந்து, கிளைத்து, மெல்லிய நூல் போன்ற பசுந்தழையாக விரியும். அத்தழை கோடை முழுவதும் வெயிலில் நின்று சர்க்கரையைச் சமைத்து வேருக்கு அனுப்பும். இலையுதிர் காலத்தில் தழை மஞ்சளாகிக் காய்ந்துவிடும். தூர் உறங்கத் தொடங்கும்.

இங்கே ஒரு செய்தியை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். மண்ணிலிருந்து எழும் குருத்துக்கு உணவு சமைக்கும் இலை இல்லை. அது வளர்வதற்கு வேண்டியது அனைத்தும் சென்ற ஆண்டுத் தழை வேரில் சேர்த்து வைத்த சேமிப்பிலிருந்தே வருகிறது. நாம் வெட்டும் ஒவ்வொரு குருத்தும் அந்தச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் தொகையாகும். வெப்பம் செய்யும் வேலை யாது என்பதை இதனை ஒட்டியே ஆராய வேண்டும்.

விழிப்பும் வேகமும்

குளிர்காலத்தில் உறங்கும் தூர், மண்ணின் உஷ்ணநிலை ஏறத்தாழ 10 டிகிரி செண்டிகிரேடை எட்டும்போது சுறுசுறுப்படைகிறது. கவனிக்க: காற்றின் உஷ்ணமன்று, தூர் இருக்கும் ஆழத்தில் உள்ள மண்ணின் உஷ்ணமே இங்குக் கணக்கு. காற்று ஒரு நாளில் சூடேறும். மண் மெல்ல மெல்லவே சூடேறும். மணற்பாங்கான நிலம் களிமண் நிலத்தைவிட விரைவில் சூடாகிறது. ஜெர்மனியில் பேலிட்ஸ், ஷ்ரோபன்ஹவுசன் என்னும் ஊர்களின் சுற்றுப்புறமும், மிச்சிகனில் ஓஷியானா மாவட்டமும் இப்பயிருக்குப் பெயர் பெற்றமைக்கு அங்குள்ள மணல் கலந்த நிலம் ஒரு முக்கியமான காரணமாகும். ஆழமாக நட்ட தூர் பிந்தி விழிக்கும். மேலாக நட்ட தூர் முந்தி விழிக்கும்.

குருத்து மண்ணுக்கு மேலே வந்தபின் காற்றின் உஷ்ணமே அதன் வேகத்தைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது. பத்து டிகிரி சராசரி உள்ள நாளில் அது மெல்ல நகர்கிறது. இருபது டிகிரி உள்ள நாளில் விரைகிறது. வெப்பமும் ஈரமும் நன்கு அமைந்த நாளில் ஒரு குருத்து இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து அங்குலம் வரை வளர்வதுண்டு என்று மிச்சிகன் விவசாயிகள் கூறுவர். இரவிலும் வளர்ச்சி நிற்பதில்லை. ஆகவே பகலின் உச்ச வெப்பத்தை மட்டும் பார்ப்பது போதாது. இரவின் தாழ்ந்த வெப்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இக்கணக்கை எளிய முறையில் செய்யலாம். ஒரு நாளின் உச்ச உஷ்ணத்தையும் தாழ்ந்த உஷ்ணத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி கிடைக்கும். வளர்ச்சியே நின்றுவிடும் ஒரு கீழ் எல்லையை அச்சராசரியிலிருந்து கழித்தால், எஞ்சுவது அந்த நாள் பயிருக்கு அளித்த வெப்ப அலகு. கீழ் எல்லை இரகத்தையும் இடத்தையும் பொறுத்து மாறும். கணக்கு விளங்குவதற்காக அதனை 5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குருத்து வெட்டும் பருவம் அடைய 60 அலகு வேண்டும் என்றும் கொள்வோம்.

குளிர்ந்த நாள்: உச்சம் 15, தாழ்வு 5, சராசரி 10. அலகு 5. குருத்து பருவம் அடைய 12 நாள்.

வெதுவெதுப்பான நாள்: உச்சம் 28, தாழ்வு 12, சராசரி 20. அலகு 15. குருத்து பருவம் அடைய 4 நாள்.

சராசரி உஷ்ணம் இரு மடங்கு ஆயிற்று. வேகமோ மும்மடங்கு ஆயிற்று. கீழ் எல்லையைக் கழித்துப் பார்ப்பதனால் வரும் உண்மை இது. உஷ்ணமானியை மட்டும் பார்த்து, “சற்றே சூடு கூடியிருக்கிறது” என்று எண்ணியிருக்கும் விவசாயி, மறுநாள் வயலில் குவிந்து நிற்கும் குருத்துகளைக் கண்டு திகைப்பதன் காரணமும் இதுவே.

வட்டிக்கு வட்டி

அமெரிக்காவில் கல்பெப்பர், மூன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் வயலில் நின்ற குருத்துகளை அளந்து, உஷ்ணநிலைக்கும் அவற்றின் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பை 1939ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இத்தகைய அளவைகளால் தெளிவாகும் மற்றோர் உண்மையும் உண்டு. ஒரே வயலில், ஒரே நாளில், உயரமான குருத்து குட்டையான குருத்தைவிட அதிக அங்குலம் வளர்கிறது. அதாவது, ஏற்கெனவே எவ்வளவு உயரம் இருக்கிறதோ அதற்கு ஏற்ற வீதத்தில் வளர்ச்சியும் கூடுகிறது. நம் கடன் சங்கத்துக் கணக்கர் மொழியில் சொன்னால், இது தனி வட்டியன்று, கூட்டு வட்டி.

உதாரணமாக, ஒரு வெப்பமான நாளில் வளர்ச்சி நூற்றுக்கு நாற்பது வீதம் என்று கொள்வோம். ஐந்து செண்டிமீட்டர் குருத்து ஏழாகும். பதினைந்து செண்டிமீட்டர் குருத்தோ இருபத்தொன்றாகும். அதுவே வெட்டுதற்கு உரிய அளவு. அன்று வெட்டாமல் விட்டால் மறுநாள் அது இருபத்தொன்பதையும் தாண்டிவிடும். ஓரளவு உயரம் வரையில்தான் இந்த வீதம் செல்லும் எனினும், நாம் அறிய வேண்டிய பாடம் தெளிவு. குட்டைக் குருத்து ஒரு நாள் காத்திருக்கும். பருவம் நெருங்கிய குருத்து அரை நாளும் காத்திராது.

இதனால்தான் குளிர்ந்த வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டும் வயலை, வெப்பமான வாரத்தில் தினந்தோறும் வெட்டுகின்றனர். வெண்குருத்து விளைவிக்கும் ஜெர்மன் பண்ணைகளில் மிகுந்த வெப்பக் காலத்தில் ஒரே நாளில் இருமுறையும் வெட்டுவதுண்டு.

தலை விரிதல்

வெப்பம் அளவைக் கூட்டுவதோடு நிற்பதில்லை, தரத்தையும் மாற்றுகிறது. நல்ல குருத்தின் நுனி இறுக மூடிய தாமரை மொட்டைப் போல் இருக்க வேண்டும். செதில்கள் நெருங்கி ஒட்டியிருக்க வேண்டும். குளிர்ந்த பருவத்தில் குருத்து நல்ல உயரம் அடைந்த பின்னும் நுனி மூடியே இருக்கும். வெப்பம் கூடக் கூட, குறைந்த உயரத்திலேயே செதில்கள் விலகி, உள்ளிருக்கும் சிறு கிளைகள் வெளிவரத் தொடங்கும். இதனைத் தலை விரிதல் எனலாம். முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மெல்லிய குருத்துகள் உரிய உயரத்தை எட்டுமுன்னரே விரிந்துவிடுகின்றன. தலை விரிந்த குருத்துக்குச் சந்தையில் முதல் தர விலை கிடைப்பதில்லை.

ஆகவே வெப்ப நாட்களில் விவசாயிக்கு இரு பக்கமும் நெருக்கடி. உயரத்திற்காகக் காத்தால் தலை விரியும். தலைக்காக முந்தி வெட்டினால் எடை குறையும். இதற்கு உள்ள வழி ஒன்றே: வயலுக்கு அடிக்கடி செல்லுதல், வழக்கமான உயரத்தைவிடச் சற்றுக் குறைவாகவே வெட்டுதல்.

அதிகக் குளிரும் நன்மையன்று. மிக மெதுவாக வளரும் குருத்து, வெட்டும் உயரத்தை அடைவதற்குள் வயது முதிர்ந்து, அடிப்புறம் நார் ஏறிவிடும். உறைபனி விழுமாயின் வெளியில் நிற்கும் குருத்துகள் ஓர் இரவில் கருகிச் சாய்ந்துவிடும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் தூரும் மொட்டுகளும் பிழைத்துக்கொள்ளும். சில நாட்களில் புதிய குருத்துகள் எழும். “அப்படியாயின் நஷ்டம் இல்லையே?” என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. கருகிய குருத்துகளை வளர்க்க வேர் செலவிட்ட சேமிப்பு திரும்பி வாராது.

ஒரே விரிப்பு, இரண்டு நிறம்

வெப்பத்தை மனிதன் மாற்ற இயலாது என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஜெர்மனியின் வெண்குருத்து விவசாயிகள் ஓரளவு மாற்றிக் காட்டியுள்ளனர். அவர்களது முறையை அறிவது பயனுடையது.

வெண்குருத்தும் பசுங்குருத்தும் ஒரே பயிர்தான். வெயில் படாமல் வளர்த்தால் வெள்ளை. வெயில் பட்டால் பச்சை. வெண்குருத்துக்காகத் தூரின் மேல் உயரமான பார் அமைத்து மண் அணைக்கிறார்கள். குருத்து அந்த இருட்டான மண்ணுக்குள்ளேயே வளர்ந்து, பாரின் உச்சியை எட்டும் தருணத்தில் வெட்டப்படுகிறது. ஆகவே இங்கே வேகத்தை நிர்ணயிப்பது பாரின் மண்ணில் உள்ள உஷ்ணமே.

இப்பாரின் மேல் நீண்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போர்த்துகிறார்கள். அதன் ஒரு பக்கம் கறுப்பு. மறு பக்கம் வெள்ளை. கறுப்புப் பக்கத்தை மேலே வைத்தால் அது வெயிலை உட்கொண்டு மண்ணைச் சூடாக்கும், குருத்து விரையும். வெள்ளைப் பக்கத்தை மேலே புரட்டினால் அது வெயிலைத் திருப்பி அனுப்பும். மண் குளிர்ந்து குருத்து தாமதிக்கும். வெள்ளாடை குளிர்ச்சி, கருந்துணி சூடு என்பது நம் நெசவாள அங்கத்தினர்கள் நன்கு அறிந்த செய்தி. அதே தத்துவந்தான் அங்கே வயலில் பயன்படுகிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் கறுப்பை மேலே வைத்து முந்திய விளைவைப் பெறுகிறார்கள். வெப்ப அலை வரும்போது வெள்ளையைப் புரட்டிப் பெருக்கைத் தணிக்கிறார்கள்.

எப்பொழுது புரட்டுவது என்பதைக் கண்மதிப்பில் விடுவதில்லை. பாரினுள் வெவ்வேறு ஆழங்களில் உஷ்ணமானிகளைப் புதைத்து வைக்கின்றனர். இக்காலத்தில் அவற்றின் அளவுகள் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. மேல் மண்ணுக்கும் தூர் இருக்கும் மண்ணுக்கும் உஷ்ண வித்தியாசம் மிக அதிகமாகி, மேலே கொதித்துக் கீழே குளிர்ந்திருக்குமாயின், குருத்தின் நடுவே பொந்து விழும் குறை தோன்றுகிறது. ஆகையால் மேலும் கீழும் ஒத்த சூடு இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

சில பண்ணைகளில் மண்ணுக்குள் குழாய் பதித்து வெந்நீர் ஓட்டி, பருவத்திற்கு வெகு முன்னரே குருத்தை எழுப்புகின்றனர். முதல் வரவுக்கு நல்ல விலை கிடைப்பதே இதன் நோக்கம். ஆனால் இதற்கான எரிபொருட் செலவை அவ்விலை ஈடு செய்யுமா என்பதை ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டிய பின்னும் வெப்பம்

வயலை விட்டு வந்தவுடன் வெப்பத்தின் ஆட்சி முடிந்துவிடுவதில்லை. வெட்டப்பட்ட குருத்து உயிருள்ள பொருள். அது தொடர்ந்து சுவாசிக்கிறது. தன்னிடம் உள்ள சர்க்கரையைத் தானே எரித்துக்கொள்கிறது. காய்கறிகளுள் மிக வேகமாகச் சுவாசிப்பவற்றுள் இது ஒன்று. உஷ்ணம் பத்து டிகிரி உயர்ந்தால் சுவாசத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். வெயிலில் கிடக்கும் கூடையில் சில மணி நேரத்திலேயே இனிப்புக் குறைந்து, அடிப்புறத்திலிருந்து நார் ஏறத் தொடங்கும். படுக்க வைத்த குருத்தின் நுனி மேல் நோக்கி வளையவும் செய்யும். வெட்டிய பின்னும் அது வளர்ச்சியை மறக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

ஆகவே குருத்தை வெட்டியவுடன் நிழலுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த நீரால் சூட்டைப் போக்கி, சுமார் 2 டிகிரி குளிரில், நல்ல ஈரப்பதத்துடன் வைக்கின்றனர். அடிப்புறம் ஈரமான விரிப்பில் நிற்கும்படி நிமிர்த்தி அடுக்குகின்றனர். இங்கும் அளவு மீறக்கூடாது. பூஜ்ய டிகிரியில் பத்து நாட்களுக்கு மேல் வைத்தால் குளிராலேயே நுனி கெட்டுவிடும்.

வெப்பம் உண்மையில் செய்வது என்ன?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு ஒரு கேள்விக்கு விடை காண்போம். வெப்பமான வாரத்தில் வயல் மும்மடங்கு தருகிறது. அப்படியாயின் வெப்பம் விளைச்சலைப் பெருக்குகிறதா?

இல்லை என்பதே விடை. குருத்துக்கு வேண்டிய உணவு வேரில் சென்ற ஆண்டே சேர்ந்துவிட்டது. அத்தொகையை வசந்தத்தின் வெப்பம் கூட்டுவதில்லை. வெப்பம் செய்வதெல்லாம், அடுத்த வாரம் வரவேண்டிய குருத்துகளை இந்த வாரமே இழுத்துக்கொண்டு வருவதுதான். குளிர்ந்த நாட்களில் தயங்கி நின்ற குருத்துகள் அனைத்தும் ஒருங்கே பருவம் அடைகின்றன. பெருக்குக்குப் பின் ஒரு வறட்சி வருகிறது. வெப்பம் வருமானத்தைத் தருவதில்லை. சேமிப்பிலிருந்து எடுக்கும் வேகத்தையே கூட்டுகிறது.

இவ்வொரு வாக்கியத்தை அறியாதவர் இரு வகையில் நஷ்டம் அடைகிறார். ஒன்று சந்தையில், மற்றொன்று வேரில்.

சந்தையில் நேர்வது

வெப்பம் ஒரு வயலில் மட்டும் அடிப்பதில்லை. மாவட்டம் முழுவதும் அடிக்கிறது. நூறு அங்கத்தினர்கள் உள்ள ஒரு சங்கத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குளிர்ந்த நாளில் ஒவ்வொருவரும் 50 கிலோ கொண்டுவருகிறார்கள். மொத்தம் 5,000 கிலோ. சங்கத்தின் குளிர்பதன அறை 6,000 கிலோ கொள்ளும். வெப்ப அலை வந்த மூன்றாம் நாள் 15,000 கிலோ வாயிலில் நிற்கிறது. 9,000 கிலோவுக்கு இடமில்லை. அது வெயிலில் நிற்கும், நார் ஏறும், கிடைத்த விலைக்குப் போகும். அதன் தாழ்ந்த விலை, உள்ளே பத்திரமாக இருக்கும் 6,000 கிலோவின் விலையையும் கீழே இழுக்கும்.

ஹாலந்து தேசத்துக் காய்கறி விவசாயிகள் இத்தகைய தொல்லையைச் சமாளிக்கவே தமக்கென ஏல நிலையங்களை அமைத்துக்கொண்டனர். 1887ஆம் ஆண்டில் புரூக் ஆப் லாங்கடைக் என்னும் ஊரில் தோன்றிய காய்கறி ஏலமே அவற்றின் தொடக்கம் என்பர். அங்கே விலை மேலிருந்து கீழே இறங்கிவரும்; முதலில் கை காட்டுபவர் வாங்குவார். விவசாயிகள் தனித்தனியே வியாபாரியின் வாசலில் காத்து நிற்பதற்குப் பதிலாக, எல்லாச் சரக்கும் ஓரிடத்தில் தரம் பிரித்து, எல்லோர் முன்னிலையிலும் விலை போயிற்று. தென்பகுதியில் உள்ள லிம்பர்க் மாகாணத்தின் வெண்குருத்தும் பின்னர் இத்தகைய கூட்டுறவு ஏலங்களின் வழியே புகழ் பெற்றது.

எனினும் ஏல நிலையம் ஒன்றினாலேயே பெருக்கு அடங்கிவிடாது. வானிலை அறிக்கையைக் கண்டவுடனே செய்ய வேண்டியவை உண்டு. வெப்ப அலகைக் கணக்கிட்டு, எத்தனையாம் நாள் எவ்வளவு வரவு இருக்கும் என்பதைச் சங்கம் முன்கூட்டி அறிவிக்கலாம். பாதி அங்கத்தினர்கள் விரிப்பை வெள்ளைப் பக்கம் புரட்டலாம். அவர்களது வரவு சில நாள் பிந்தும். வெட்டும் ஆட்களை இரு வயல்கள் பகிர்ந்துகொள்ளலாம். பதனிடும் ஆலைக்கு முன்னரே சொல்லி வைக்கலாம். ஒருவர் மட்டும் புரட்டினால் அவருக்குத் தாமதமே மிச்சம். ஒப்பந்தப்படி பாதிப் பேர் புரட்டினால் அனைவருக்கும் விலை நிற்கும். தனி மனிதனால் ஆகாத காரியம் சங்கத்தால் ஆகும் என்பதற்கு வெப்பமே இங்கு ஆசிரியராக வந்திருக்கிறது.

வேரில் நேர்வது

சந்தை நஷ்டம் ஒரு வாரத்தோடு போகும். வேரில் நேரும் நஷ்டம் ஆண்டுக்கணக்கில் தொடரும். ஆகவே இதனை மேலும் கவனமாக நோக்க வேண்டும்.

ஜெர்மனியில் வெட்டுக்காலம் ஜூன் 24ஆம் தேதி, யோவான் திருநாளன்று முடிவது மரபு. அதன்பின் விலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கத்தியை வைத்துவிடுகிறார்கள். மிச்சிகனிலும் ஜூன் மாதத்தின் பிற்பகுதியில் நிறுத்திவிடுகின்றனர். வயலில் குருத்து இல்லாமற் போனதனால் நிறுத்துவதன்று. வேர் மீண்டும் சேமிக்க அவகாசம் வேண்டும் என்பதனாலேயே நிறுத்துகிறார்கள். ஜூன் இறுதி முதல் இலையுதிர் காலம் வரை தழை நின்று உழைத்தால்தான் அடுத்த வசந்தத்திற்குக் களஞ்சியம் நிரம்பும்.

இங்கேதான் வெப்பமான வசந்தம் விவசாயியை ஏமாற்றுகிறது. வெப்பத்தால் வெட்டு முன்னரே தொடங்கிவிட்டது. வேகமாக நடந்தும் வந்தது. நாட்காட்டியில் இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, குருத்துகளும் வந்துகொண்டிருக்கின்றன. “தேதி வரும் வரை வெட்டலாமே” என்று தோன்றும். ஆனால் வேரின் கணக்கில் தொகை முன்னரே தீர்ந்திருக்கும். அதன் அடையாளம் குருத்திலேயே தெரியும். பென்சில் பருமனைவிட மெல்லிய குருத்துகள் மிகுதியாக வரத் தொடங்கினால், வேர் இளைத்துவிட்டது என்று பொருள். நாட்காட்டி என்ன சொன்னாலும் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஓர் அளவை முறையும் வகுத்துள்ளனர். சில வேர்களைத் தோண்டி எடுத்து, சாறு பிழிந்து, அச்சாற்றின் சர்க்கரைச் செறிவைச் சிறு கருவியால் அளக்கிறார்கள். கரும்பு ஆலைக்குச் சாறு சோதிக்கும் கருவியைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. ஆண்டின் எப்பருவத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்க வேண்டும் என்னும் அளவோடு ஒப்பிட்டு, வெட்டை நீட்டலாமா நிறுத்தலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

இளம் பயிரில் மேலும் கட்டுப்பாடு வேண்டும். நட்ட முதல் ஆண்டில் வெட்டுவதே கூடாது. அடுத்த ஆண்டில் சில நாட்கள் மட்டும் வெட்டலாம். முழு வெட்டு அதன் பின்னரே. பொறுத்தவன் பத்து ஆண்டு வெட்டுவான். அவசரப்பட்டவன் நான்கைந்து ஆண்டுகளில் வயலை உழுதுவிட நேரும்.

குளிர்காலம் இல்லாத நாடுகளில்

குளிர் வந்தால் தூர் உறங்கும், வெப்பம் வந்தால் விழிக்கும் என்று கண்டோம். குளிரே வாராத நாட்டில் என்ன ஆகும்? தூர் உறங்காமல் ஆண்டு முழுவதும் மெலிந்த குருத்துகளை விட்டுக்கொண்டே இருக்கும், சேமிப்புச் சேராது. இத்தடையைக் கடக்க இரு வழிகள் கண்டுள்ளனர்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் கடற்கரைப் பாலைவனத்தில் மழை இல்லை எனலாம். பயிருக்கு நீர் முழுவதும் பாசனத்தாலேயே. அங்கே தழை முற்றியதும் நீரை நிறுத்திவிடுகின்றனர். குளிர் செய்யும் வேலையை வறட்சி செய்கிறது, தூர் ஓய்வெடுக்கிறது. மீண்டும் நீர் விட்டால் விழிக்கிறது. இவ்வாறு ஆண்டுக்கு இருமுறை வெட்டவும், வேண்டிய மாதத்தில் விளைவைப் பெறவும் இயலுகிறது. 1990களிலிருந்து பெரு நாடு இப்பயிரின் பெரிய ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக உயர்ந்ததற்கு இது ஒரு காரணம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. இக்கா என்னும் பள்ளத்தாக்கில் நிலத்தடி நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்துவிட்டது. அங்கே வேரின் சேமிப்புக் காக்கப்பட்டது. பூமியின் சேமிப்போ கரைந்தது.

தைவானிலும் தாய்லாந்திலும் மழை மிகுதி. நீரை நிறுத்துவது எளிதன்று. அங்கே தாய்த்தண்டு முறை வழங்குகிறது. ஒவ்வொரு தூரிலும் சில தண்டுகளை வெட்டாமல் தழைக்க விட்டு, மற்றக் குருத்துகளை மட்டும் வெட்டுகின்றனர். தாய்த்தண்டுகள் சமைக்கும் உணவு அன்றன்றே குருத்துக்கும் வேருக்கும் செல்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை முதிர்ந்த தாய்த்தண்டை நீக்கிப் புதியதை விடுகிறார்கள். எடுப்பதும் சேர்ப்பதும் உடனுக்குடன் நடைபெறுவதால் இங்கே நீண்ட ஓய்வு வேண்டுவதில்லை.

முடிவுரை

இப்பாடத்தின் சாரம் மூன்று. முதலாவது, வெப்பத்தை உடலால் உணர்வதோடு நிற்காமல், உஷ்ணமானியால் அளந்து, கீழ் எல்லையைக் கழித்துக் கணக்கிட வேண்டும். இரண்டாவது, வெப்பம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதால் அதற்கு விடையும் எல்லோரும் கூடியே காண வேண்டும். மூன்றாவது, வேகம் வேறு, வளம் வேறு. வேகத்தைத் தருவது வெப்பம். வளத்தைத் தருவது வேரில் சேர்ந்த சேமிப்பு. வேகத்தைக் கண்டு வளம் என்று மயங்கியவன் வேரை இழப்பான்.

சிக்கனச் சங்கம் நடத்தும் நமக்கு இம்மூன்றாவது உண்மை புதிதன்று. பணம் எடுக்கும் சாளரத்தில் கூட்டம் மிகுந்துவிட்டது என்பதனால் சங்கம் செழித்துவிட்டது என்று நாம் எண்ணுவதில்லை. செலுத்தும் சாளரத்தையும் பார்த்தே முடிவு செய்கிறோம். வயலிலும் அவ்வாறே பார்ப்போமாக.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. கீழ் எல்லை 5 டிகிரி, தேவை 60 அலகு என்று கொள்க. உச்சம் 22, தாழ்வு 8 உள்ள நாட்களில் குருத்து பருவம் அடைய எத்தனை நாள் ஆகும்? (விடை: 6 நாள்.)

2. ஒரே நாளில் உயரமான குருத்து அதிகமாக வளர்வது ஏன்? வெட்டும் நேரத்தை இது எவ்வாறு பாதிக்கிறது?

3. விரிப்பின் கறுப்புப் பக்கத்தை எப்போது மேலே வைக்க வேண்டும்? வெள்ளைப் பக்கத்தை எப்போது?

4. வெப்பமான வசந்தத்தில் வழக்கமான தேதிக்கு முன்னரே வெட்டை நிறுத்த நேரலாம் என்பது ஏன்?

5. உங்கள் கிராமத்தில் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் விளைந்து விலை சரியும் பயிர் எது? அதன் வரவை முன்கூட்டிக் கணக்கிட நம் சங்கம் எதை அளக்க வேண்டும்? கலந்து பேசி, அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கவும்.